ஜன்னலில் தெரியாத இடம்

டெக்சஸில் இர்விங்கிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் மனிதர்கள் ஒற்றை விரலைத் தூக்க ஆரம்பிக்கிறார்கள். எதிரே பிக்கப் டிரக் ஓட்டி வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆட்காட்டி விரலை மட்டும் சற்று உயர்த்தி இறக்குகிறார். முகத்தில் சிரிப்பு இல்லை, தலையும் அசைவதில்லை. முதன்முதலில் அதைப் பார்த்தபோது என் கணவர் சுந்தர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, நாலு டயரையும் சுற்றி வந்து பார்த்தார். அடுத்து வந்தவரும் விரலைத் தூக்கியதும் பானட்டைத் திறந்தார். மூன்றாவது ஆள் நின்றேவிட்டார். எங்கள் காரில் என்ன கோளாறு என்று சுந்தர் அவரிடம் கேட்டார். அவர் காரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "உங்கள் கார். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அது வணக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டோம். தெரிந்தவர் தெரியாதவர் என்றில்லை, அந்தச் சாலையில் எதிரே வருகிற எவருக்கும் அது உண்டு. இர்விங்கில் எங்கள் அபார்ட்மெண்டின் எதிர்வீட்டுக்காரர் தமிழர். ஒரே லிஃப்டில் ஏறினால் அவரும் நாங்களும் அவரவர் ஃபோனைப் பார்த்துக்கொள்வோம்.

அந்தப் பக்கம் எங்களுக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டும். சுந்தருக்கு மென்பொருள் வேலை. வேலை எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போவோம். திருச்சியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து பார்சிப்பனி, பிறகு கலிஃபோர்னியாவில் மில்பிடாஸ், பிறகு இர்விங். ஒவ்வோர் ஊரிலும் சாமான் வாங்க ஒரு கடை, தோசை சாப்பிட ஒரு இடம், பிள்ளைக்கு ஒரு டேகேர் அல்லது பள்ளிக்கூடம் என்று தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். பார்சிப்பனியில் பனி தள்ள வாங்கிய மண்வெட்டி மில்பிடாஸில் கதவுக்குப் பின்னால் வேலையில்லாமல் நின்றது. இர்விங்குக்கும் கூடவே வந்திருக்கிறது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். வரிசை நகர்கிறது என்று வக்கீல் சொல்கிறார். இப்படி இருக்கையில் ஒரு நாள் சுந்தர் சாப்பிட்டுக்கொண்டே, "அஞ்சு ஏக்கர் பாத்து வச்சிருக்கேன். வீடு கட்டலாம். இனிமே நான் எங்கயும் மூவ் பண்ண மாட்டேன்" என்றார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் நிலா தட்டிலிருந்து நிமிராமல், "டாட், யூ செட் தட் இன் கலிஃபோர்னியா" என்றாள்.

லேசாகச் சரிந்து இறங்கும் நிலம். ஓக் மரங்கள் சில, முள் மரங்கள் பல, கோடையில் காய்ந்துவிடும் ஓர் ஓடை. அதில் கறுப்பு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. எங்களுடையவை அல்ல, பக்கத்து நிலத்துக்காரருடையவை. அங்கே அதுதான் நடைமுறை. நம் நிலத்தில் யாருடைய மாடாவது மேய்ந்தால் அதை விவசாய நிலமாக எடுத்துக்கொண்டு வரியைக் குறைக்கிறார்கள். மாட்டுக்காரருக்குப் புல் கிடைக்கிறது. அந்த மாடுகளுக்குக் கொம்பு கிடையாது, பிறவியிலேயே இல்லை. எல்லாம் கறிக்காக வளர்பவை. சுந்தர் சைவம். "நாம வளக்கல, நாம விக்கல, நாம வெட்டல. புல்லு மட்டும்தான் நம்மளது" என்று அவர் தனக்குத் தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

நிலத்தின் தென்மேற்கு மூலையில் துருப்பிடித்த இரும்பு வேலிக்குள் ஒரு சிறு சதுரம் இருந்தது. உள்ளே மூன்று கற்கள். அந்தப் பிரதேசத்துக்கு முதலில் வந்த மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவரின் குடும்பம் என்று விற்றுக் கொடுத்த ஏஜென்ட் சொன்னார். டெக்சஸில் நிலம் எத்தனை கை மாறினாலும் கல்லறைக்கு வந்து போகும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு உண்டாம். சுந்தர் யோசித்தார். "நூறு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. இப்ப அது கல்லறை இல்ல, சரித்திரம்" என்று முடிவு செய்து கையெழுத்துப் போட்டார்.

பூமி பூஜைக்கு இர்விங்கிலிருந்து சாஸ்திரிகளைக் கூட்டிப் போனோம். அவர் காரிலிருந்து இறங்கித் திசை பார்த்தார், வேலியைப் பார்த்தார். "சார், அது நிருதி மூலை. வீட்டு எஜமான் படுக்க வேண்டிய இடம். அங்க ஏற்கனவே யாரோ படுத்திண்டிருக்காளே?" என்றார். சுந்தர் சரித்திரம் என்று விளக்கினார். சாஸ்திரிகள் அதை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை, செங்கல்லை அடுக்க ஆரம்பித்தார்.

அந்தக் கோடையில் மழையே இல்லை. புல் வெளுத்து, மிதித்தால் நொறுங்கியது. திறந்தவெளியில் நெருப்பு மூட்டக் கூடாது என்று கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், தடை போட்டு, சாலையோரம் பெரிய பலகை வைத்திருந்தார்கள். அந்தப் பலகையைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனோம். குப்பை கொளுத்துகிறவர்களுக்கும் இறைச்சி சுடுகிறவர்களுக்கும் எழுதியது என்று எடுத்துக்கொண்டோம். ஹோமமும் நெருப்புதான் என்பது சாஸ்திரிகள் உட்பட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நெய் விட்டதும் புகை நேராக எழுந்தது. பாதி மந்திரத்தில் வேலியோரம் ஒரு பிக்கப் புழுதியோடு திரும்பி, சாலை இல்லாத இடத்தில் புல்லின் மேலேயே ஏறி வந்தது. அதன் பின்பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, மோட்டார், சுருட்டிய குழாய். எழுபதைத் தாண்டிய உயரமான பெண்மணி குதித்து இறங்கினார். ஜீன்ஸ், ரப்பர் பூட்ஸ், ஆண்கள் போடும் தொப்பி.

"தள்ளுங்கள்!" என்று கத்தினார்.

சுந்தர் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். "மேம், ப்ளீஸ். இது மதச் சடங்கு."

"நெருப்புக்கு அது தெரியுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் குழாயைத் திறந்தார். ஹோம குண்டம் உஸ்ஸென்று அணைந்தது. பூர்ணாகுதிக்கு வைத்திருந்த பட்டுத்துணி, தேங்காய், நெய் எல்லாம் சேற்றில் மிதந்தன. சாஸ்திரிகள் பஞ்சகச்சத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு கல் மேல் ஏறி நின்றார். சுற்றிலும் புல்லை நனைத்து முடித்த பிறகு அந்த அம்மாள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "பலகை படிக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

"பரவால்ல சார். வருண பகவானே வந்து ஆசீர்வாதம் பண்ணதா எடுத்துக்கலாம்" என்றார் சாஸ்திரிகள்.

"வருண பகவான் பிக்கப்லயா வருவாரு?" என்றார் சுந்தர். பாதியில் அணைந்த ஹோமம் அவர் மனதில் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வாரம் அளவெடுப்பவர்களோடு நாங்கள் போயிருந்தபோது அதே பிக்கப் வந்தது. அந்த அம்மாளின் பெயர் லூ ஆன். எங்கள் நிலத்தில் மேயும் மாடுகள் அவருடையவை. நிலமும் ஒரு காலத்தில் அவருடைய அப்பாவுடையதாக இருந்து, விற்கப்பட்டு, கை மாறி எங்களிடம் வந்தது. கையில் மூடி போட்ட ஒரு பாத்திரம் வைத்திருந்தார். "நெருப்பை அணைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. கத்தியதற்குக் கேட்கிறேன்" என்றார். பாத்திரத்தில் பீச் பழத்தை மாவில் மூடிச் சுட்ட இனிப்பு. சுந்தர் தயங்கி, முட்டை போட்டதா என்று கேட்டார். "முட்டையா? சேச்சே, முட்டை போடவே மாட்டேன். பன்றிக் கொழுப்பு மட்டும்தான்" என்றார் லூ ஆன் பெருமையாக. நான் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

டிரக்கின் முன் சீட்டில் ஒருவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். தன் தம்பி வெண்டெல் என்று லூ ஆன் அறிமுகம் செய்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பையனாக இருந்தபோதிலிருந்து அந்த இரும்பு வேலிக்குள் புல் வெட்டுவது அவர் வேலையாம்.

அன்று லூ ஆன் சொல்லத் தொடங்கி, பிறகு பல சனிக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி முடித்தது அவர்களுடைய கொள்ளுத் தாத்தா ஏமோஸின் கதை. வடகிழக்கே வேறொரு மாநிலத்தில் பிறந்தவர். பிறந்த ஊரில் நிலம் போதவில்லை என்று அடுத்த ஊர், அங்கும் போதவில்லை என்று அதற்கடுத்த ஊர், கடைசியில் எருது பூட்டிய வண்டியில் மனைவி மார்த்தாவை உட்கார வைத்து இந்த ஓடைக்கரைக்கு வந்தார். வேலி என்ற ஒன்று அப்போது இல்லை. நீளக் கொம்பு மாடுகள் காட்டு விலங்குகள் போலத் திரிந்தன. பிடித்துச் சூடு போட்டவருக்கு அது சொந்தம். மரக்கட்டைகளை அடுக்கி, இடைவெளியில் களிமண் அப்பி ஒரே அறை கட்டினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு வடக்கே மாட்டுக்கு விலை ஏறியதால் ஏமோஸ் ஆண்டுதோறும் பத்துப் பன்னிரண்டு ஆட்களோடு பெரும் மந்தையை ரயில் வரும் ஊர் வரை ஓட்டிப் போவார். மாதக்கணக்காகும். ஆற்றில் மாடு போகும், இடி இடித்தால் மந்தை மிரண்டு ஓடும், அதில் ஆளும் போவான். வழியில் பசுக்கள் கன்று போடும். பிறந்த கன்றால் மந்தையோடு நடக்க முடியாது. அதனால் ஒவ்வொரு நாளும் புறப்படுவதற்கு முன் ஓர் ஆள் துப்பாக்கியோடு போய்ப் புதுக் கன்றுகளைச் சுட்டுவிட்டு வருவான். லூ ஆன் இதை மழை அளவு சொல்வது போலச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்த முகபாவத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டேன். பழைய நிருபர் பழக்கம்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறு. இத்தனை மாடுகளுக்குச் சொந்தக்காரர் வீட்டில் பால் கிடையாது. அந்த மாடுகளைக் கிட்டத்தில் போய்க் கறக்க முடியாது. மார்த்தா வாழ்நாளெல்லாம் கறுப்புக் காப்பிதான் குடித்தாள். விறகு தீர்ந்தால் காய்ந்த சாணியைப் பொறுக்கி அடுப்பெரித்தாள் என்பதை லூ ஆன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். முதலில் துணியைச் சுற்றிக்கொண்டு எடுத்தாளாம், பிறகு கையாலேயே எடுக்கப் பழகிவிட்டாளாம். நாங்கள் அதைத் தட்டித் தட்டிச் சுவரில் காய வைத்து விற்கவே செய்வோம், எங்கள் ஊரில் அதற்குத் தனிப் பெயரே உண்டு என்றேன். லூ ஆன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். தன் குடும்ப மானத்தைக் காப்பாற்ற நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அவர்கள் வந்தபோது இங்கே ஒன்றுமே இல்லை. காலி நிலம்" என்று லூ ஆன் அடிக்கடி சொல்வார். ஒருமுறை, "யாருமே இல்லையா?" என்று கேட்டேன். "கமாஞ்சிப் பழங்குடிகள் வந்து போவார்கள்" என்றார். வந்து போனவர்கள் யார், வந்து தங்கியவர்கள் யார் என்பதை யார் முடிவு செய்வது என்று நான் கேட்கவில்லை. என் விசாவின் வகைக்குப் பெயர் 'குடியேறாதவர்' என்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

திருச்சியில் நான் ஒரு நாளிதழில் வேலை பார்த்தவள். சேர்ந்த புதிதில் மரணச் செய்திகளை எழுதக் கொடுத்தார்கள். பிறந்த ஊர், தொழில், வாரிசுகள், அடக்கம் எங்கே, எப்போது. இந்த வரிசையில் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு வந்தால் செய்தி ஆசிரியர் தாளை அப்படியே திருப்பித் தருவார். "ஆள எங்கம்மா விட்டுட்டு வந்த?" என்பார். ஒருமுறை அதற்காகவே வெயிலில் ஓயாமாரி மயானம் வரை போனேன். வாசலில் நின்ற ஆண்கள், பொம்பளைப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று விரட்டினார்கள். நான் பத்திரிகை என்றேன். "பேப்பர்னா மட்டும் பேய் புடிக்காதா?" என்றார் ஒருவர். செய்தியை எடுத்துக்கொண்டுதான் திரும்பினேன்.

அந்தப் பழக்கத்தில்தான் ஒரு சனிக்கிழமை இரும்பு வேலிக்குள் போய்க் கற்களைப் படித்தேன். மார்த்தா ஒரு கல். இரண்டு சிறு கற்கள், இரண்டும் குழந்தைகள். அவ்வளவுதான். லூ ஆனிடம் வந்து, "ஏமோஸ் எங்கே?" என்று கேட்டேன்.

லூ ஆன் மாடுகளைப் பார்த்தார். "மேற்கே" என்றார்.

"மேற்கே எங்கே?"

டிரக்குக்குள்ளிருந்து வெண்டெல் பதில் சொன்னார். மூச்சு வாங்குவதால் அவர் வாக்கியங்கள் துண்டு துண்டாக வரும். "ஓடிப் போனார். அதைச் சொல்ல அக்காவுக்குப் பிடிக்காது."

"ஓடிப் போகவில்லை, போனார்" என்றார் லூ ஆன்.

"திரும்பி வராவிட்டால் அதற்குப் பெயர் ஓடிப் போவதுதான்."

முள்கம்பி வந்ததும் எல்லாம் முடிந்தது என்று வெண்டெல் சொன்னார். ஆளாளுக்கு நிலத்தை வளைத்தார்கள், ஓடைக்குப் போகும் வழி அடைபட்டது. ஏமோஸ் கொஞ்ச நாள் அடுத்தவர் கம்பியை வெட்டிப் பார்த்தார், பிறகு அவரும் கம்பி வாங்கிக் கட்டிப் பார்த்தார். கட்டிய வேலிக்குள் அவரால் இருக்க முடியவில்லை. மார்த்தா இறந்து கல் வைத்த கொஞ்ச காலத்தில் மந்தையில் பாதியையும் இரண்டாவது மகனையும் கூட்டிக்கொண்டு புல் இருக்கும் பக்கம் போனார். எந்த மண்ணில் கிடக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. மூத்த மகன் இங்கேயே இருந்துவிட்டான். அவன் பேரப்பிள்ளைகள்தான் இந்த இருவரும்.

பிறகு வெண்டெல் கேட்டார். கேட்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள், குளிர்காலம் தாண்டாது என்கிறார்கள். மார்த்தாவின் பக்கத்தில் நாலாவதாகப் படுக்க வேண்டும். பார்க்க வருவதற்குத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது. புதிதாகப் புதைக்க வேண்டுமென்றால் நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். நிலத்துக்காரர் என்று சொல்லும்போது அவர் என்னைத் தாண்டி, தூரத்தில் அளவு நாடாவோடு நின்ற சுந்தரைப் பார்த்தார்.

"அதுக்குத்தானா அந்த பீச்சு?" என்றார் சுந்தர் காரில்.

"பீச் அதுக்கு முன்னாடியே வந்துருச்சு."

"பழைய கல்லறை வேற, வசு. புதுசு வேற. வீடு கட்டுறதுக்கு முன்னாடியே ஒரு சாவா? ஹோமமும் அணைஞ்சு போச்சு. இப்ப இது. எங்க அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"சொல்ல வேண்டாம்."

"சரி, சொல்லல. நாளைக்கே விக்கணும்னா? வீட்டோட பொணத்தையும் சேத்து எவன் வாங்குவான்?"

பின்சீட்டிலிருந்து நிலா காதிலிருந்த இயர்ஃபோன் ஒன்றைக் கழற்றினாள். "வெய்ட். வீ ஆர் செல்லிங் இட்?"

நானும் கேட்டேன். "விக்கிறதுக்கா வாங்கினீங்க?"

"பேச்சுக்குச் சொன்னேன்."

பேச்சுக்குச் சொல்லவில்லை என்று இருவருக்கும் தெரியும். நாங்கள் வாங்கும் எதையும் விற்கும் கண்ணோடுதான் வாங்குகிறோம். சோபாவுக்கு நிறம் பார்க்கும்போதுகூட, எடுக்க வருகிறவனுக்குப் பிடிக்குமா என்று பார்க்கிறோம். அன்று வீடு போய்ச் சேரும்வரை ஏமோஸைப் பற்றியே யோசித்தேன். அவர் புல்லைத் தேடிப் போனார், நாங்கள் ப்ராஜெக்ட்டைத் தேடிப் போகிறோம் என்று ஒரு வாக்கியம் தயாராக வந்தது. அது அழகாக இருந்ததாலேயே அதை நம்பவில்லை. ஏமோஸை யாரும் போகச் சொல்லவில்லை. எங்களை இருக்கச் சொல்வதா போகச் சொல்வதா என்று ஓர் அலுவலகம் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் நாளைக்கே முடிவு செய்து, இருங்கள் என்று சொல்லிவிட்டால் நான் இருப்பேனா? சுந்தராவது இருப்பார் என்று நினைத்தேன். அதுவும் இல்லை என்று அந்தக் காரில்தான் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து, முடியாது என்று நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று சுந்தர் கிளம்பினார். நானும் போனேன். வெண்டெல் எங்கள் நிலத்தில்தான் இருக்கிறார் என்று லூ ஆன் ஃபோனில் சொன்னார். கேட்டைத் திறந்தால் உடனே மூட வேண்டும், இல்லாவிட்டால் மாடுகள் சாலைக்கு வந்துவிடும். அதனால் நான் கேட்டிலேயே நின்றுகொண்டேன். அவர் மட்டும் நடந்தார். இரும்பு வேலிக்கு வெளியே மடக்கு நாற்காலியில் வெண்டெல் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஆக்ஸிஜன் உருளை. சுந்தர் நின்றபடி பேசுவது தெரிந்தது. பிறகு குந்தி உட்கார்ந்தார். வெண்டெல் கையை நீட்டி ஏதோ காட்டினார். சுந்தர் எழுந்து, நிலத்தின் நடுவில் போய் நின்று, நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் வெண்டெலிடம் போனார். கை கொடுத்துவிட்டு வந்தார்.

"என்னாச்சு?"

"சரின்னுட்டேன்."

நான் கேட்டை மூடினேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் பேசுவார் என்பது நிருபராகவும் மனைவியாகவும் கற்றது.

"நான் வாய தொறக்கறதுக்கு முன்னாடியே அவரு கேட்டாரு. உங்க வீட்டு கிச்சன் ஜன்னல் எந்தப் பக்கம் வரும்னு. மார்த்தாவுக்கு இந்தப் பக்கமும் எடம் இருக்கு, அந்தப் பக்கமும் எடம் இருக்கு. ஜன்னல்ல தெரியாத பக்கமா நான் படுத்துக்கறேன், உங்க வைஃப் பாத்திரம் கழுவும்போது என்னைப் பாக்க வேண்டாம்னு." சுந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியல வசு. எந்தப் பக்கம் ஜன்னல்னு நான் யோசிக்கவே இல்ல. நடுவுல போய் நின்னு பாத்தேன். எனக்கு அங்க வீடே தெரியல. சும்மா, அந்தப் பக்கமே படுத்துக்கங்கன்னு ஒரு பக்கத்தக் காட்டிட்டு வந்தேன்."

வெண்டெல் குளிர் தொடங்கிய பிறகு இறந்தார். அக்கம்பக்கத்து ஆண்கள் நால்வர் வந்து கையாலேயே குழி வெட்டினார்கள். தலை மேற்கே, கால் கிழக்கே. எழுந்திருக்கும்போது சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும் என்று பாதிரியார் விளக்கினார். சுந்தர் நேர்காணலுக்கு வாங்கிய கறுப்பு கோட்டில் நின்றார். மாடுகள் வேலையை விட்டுவிட்டு வந்து வேலிக்கு வெளியே வரிசையாக நின்று பார்த்தன. எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். சுந்தரின் முறை வந்தபோது அவர் இடது கையால் அள்ளி, ஒரு நொடி யோசித்து, அதை வலது கைக்கு மாற்றிப் போட்டார். எது சரி என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

முடிந்ததும் அனைவரும் லூ ஆன் வீட்டுக்கு நடந்தார்கள். சாவு வீட்டில் சேர்ந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்திருந்தார்கள். நிலா அவர்களோடு முன்னால் போய்விட்டாள். இரண்டு நிலத்துக்கும் நடுவிலிருந்த கேட்டில் சுந்தர் நின்றுவிட்டார்.

"குளிக்காம எப்படி ஒரு வீட்டுக்குள்ள போறது?"

"சாவே அவங்க வீட்டு சாவு. அவங்க யாரும் குளிக்கலையே."

"அவங்க கணக்கு வேற. என்னால முடியல."

போகாமல் இர்விங் திரும்பினால் லூ ஆன் என்ன நினைப்பார் என்று இருவருக்கும் தெரியும். எங்கள் நிலத்தில் குழாய் கிடையாது, கதவு கிடையாது, சுவர் கிடையாது. மாடு குடிக்கும் தகரத் தொட்டி ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு தீவன வாளி. சுந்தர் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தார். கோட்டைக் கழற்றவில்லை, போட்டிருந்தது நனைய வேண்டும் என்பதுதானே கணக்கு. வாளியை முக்கித் தலையில் ஊற்றிக்கொண்டார். வடக்கிலிருந்து காற்று அடித்தது. இரண்டாவது வாளிக்கு அவருடைய பல் தந்தியடித்தது. வாளியை என்னிடம் நீட்டினார். நானும் ஊற்றிக்கொண்டேன். பசு ஒன்று எங்களுக்கு நடுவில் மூக்கை நுழைத்துத் தண்ணீர் குடிக்க வந்தது.

நிமிர்ந்தபோது லூ ஆன் இரண்டு துண்டுகளோடு வேகமாக வந்துகொண்டிருந்தார். அழுது சிவந்த முகம். "தொட்டிக்குள் விழுந்துவிட்டீர்களா?" என்று பதறினார்.

சுந்தர் என்னைப் பார்த்தார். விளக்கத் தொடங்கினால் அன்று முடியாது.

"ஆமாம். வழுக்கிவிட்டது" என்றார்.

"இரண்டு பேருமா?"

"இரண்டு பேரும்."

லூ ஆன் எங்கள் தோள்களில் துண்டைப் போர்த்தி, இரண்டு பேரையும் பிடித்தபடி வீட்டுக்குள் கூட்டிப் போனார். யாரோ நாற்காலிகளில் இன்னும் இரண்டு துண்டுகளை விரித்தார்கள். யாரோ தட்டு நிறைய வைத்தார்கள். சுந்தர் அதில் எதைச் சாப்பிடலாம் என்று தேடி, ஒரு ரொட்டியைப் பிட்டார். மேசையிலிருந்து ஜன்னல் வழியே பார்த்தால் எங்கள் நிலம் முழுதும் தெரிந்தது. வீடு கட்ட அடித்த குச்சிகள், அவற்றுக்கு அப்பால் புதிதாக மண் மேடு. கூடம் நிறைய ஆட்கள், எல்லோரும் வெண்டெலைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்த இரண்டு நாற்காலிகளுக்குக் கீழே மட்டும் மரத்தரையில் தண்ணீர் சொட்டி, மெல்ல ஒன்றை நோக்கி ஒன்று பரவிக்கொண்டிருந்தது.